கார்ல் நீல்சன் பற்றி 90 நிமிட உரை: அவர் பார்த்த உத்தியோகங்களை எப்படி அடுக்குவது?

வேணுவனம் கேட்டது:

வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசையை ஓரளவு கேட்டுப் பழகிய முப்பது பேர் முன்னால் டென்மார்க்கின் கார்ல் நீல்சனைப் (1865–1931) பற்றி ஓர் உரை இருக்கிறது. மொத்தம் 90 நிமிடம். அதில் இசை ஒலிப்பது 50 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

கிடைக்கும் கட்டுரைகள் எல்லாம் ஒரே வரியில்தான் ஓடுகின்றன: ஏழைக் கிராமத்துப் பிள்ளை, பெரிய சிம்பொனிக்காரர் ஆனார். நடுவில் நாற்பது வருஷம் அவர் எதைச் செய்து சோறு தின்றார், எந்த வேலையில் இருந்துகொண்டு எதை எழுதினார் என்பது கோவையாகக் கிடைக்கவில்லை. உரையை அந்தக் கோணத்தில்தான் அமைக்க நினைக்கிறேன்.

மூன்று சந்தேகங்கள். ஒன்று, உத்தியோகம், வருஷம், தெரிந்தவரை சம்பளம். இரண்டு, எந்தப் படைப்புகளை, எவ்வளவு நேரத்துக்கு ஒலிக்கவிடலாம்? மூன்று, காற்றுக்கருவி வாசிக்கும் ஐந்து பேர் அவருடைய குவின்டெட்டின் (ஐந்து கருவிகளுக்கான படைப்பு) கடைசிப் பகுதியை நேரில் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒத்திகையில் எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

---

நரம்பிசை:

கோணம் சரியானது. நீல்சனுடைய இசையின் பாதிக் குணம் அவர் பார்த்த வேலைகளிலிருந்து வந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஃபூன் தீவில் நோரெ லின்டெல்செ ஊருக்குப் பக்கத்தில் 1865 ஜூன் 9 அன்று பிறந்தார். அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். கல்யாணங்களுக்கும் ஊர் நடனங்களுக்கும் வயலின் வாசிப்பவர். பையனும் கூடவே போய் வாசித்தான். ஆக, காசுக்கு வாசிப்பது சின்ன வயதிலேயே பழகிய சங்கதி. உரையில் வறுமையை நீட்டிச் சொல்வதைவிட இதைச் சொல்லுங்கள். ஆடுபவர்களின் காலைப் பார்த்துத் தாளம் பிடிக்கும் பழக்கம் கடைசிவரை அவர் இசையில் இருக்கிறது.

1879 நவம்பர் 1 அன்று, பதினான்கு வயதில், ஓதென்ஸ நகரில் இருந்த ராணுவத்தின் 16ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். சங்கேதக் கொம்பு ஊதுவதும் ஆல்டோ டிரம்போன் வாசிப்பதும் வேலை. ஐந்து நாளைக்கு ஒருமுறை 3 குரோனர் 45 ஓரெ, கூடவே ஒரு ரொட்டி. நூறு ஓரெ ஒரு குரோன் என்பதால், நாளொன்றுக்கு 69 ஓரெ ஆகிறது. இரண்டரை வருஷம் கழித்துச் சம்பளம் கொஞ்சம் ஏறியது. அந்தப் பணத்தில் ராணுவ உடை அல்லாத சாதாரண உடுப்பு வாங்கினார். நடன நிகழ்ச்சிகளில் வாசிக்க அது வேண்டியிருந்தது. 1881 முதல் ஓதென்ஸ தேவாலய ஊழியர் கார்ல் லார்சனிடம் தனியாக வயலின் படித்தார்.

1884 தொடக்கத்திலிருந்து 1886 டிசம்பர் வரை கோபன்ஹேகன் கன்சர்வேட்டரி, அதாவது இசைக் கல்லூரி. வயலின் வால்டமார் டொஃப்டெயிடம், இசைக் கோட்பாடு ஓர்லா ரோசன்ஹொஃபிடம். தலைமையில் நீல்ஸ் காதெ. வயலினில் இவர் தனிக் கச்சேரிக்கான ஆள் இல்லை. நல்ல குழுக் கலைஞர். படிப்பு முடிந்ததும் நிலையான வேலை கிடைக்கவில்லை. வயலின் சொல்லிக்கொடுத்தும் ஓதென்ஸ ஆதரவாளர்களின் உதவியிலும் காலம் ஓடியது. 1888 செப்டம்பர் 8 அன்று டிவோலி அரங்கில் நரம்பிசைக் குழுவுக்கான ‘சிறு சூட்’, அதாவது ஓபஸ் 1 (படைப்பு எண் 1), அரங்கேறியது. நடுப்பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

1889 செப்டம்பரில் அரச இசைக்குழுவில் இரண்டாம் வயலின். 1905 வரை, பதினாறு வருஷம், அதே நாற்காலி. இதுதான் உங்கள் உரையின் நடுத்தூண். அது அரச நாடக அரங்கின் குழு. பெரும்பாலும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒபெரா வாசிக்க வேண்டும். வெர்டியின் கடைசி ஒபெராக்களை இரண்டாம் வயலின் பார்ட்டிலிருந்து (அந்தக் கருவிக்கு மட்டுமான இசைத்தாள்) கற்றவர் அவர். மெட்டு பெரும்பாலும் முதல் வயலினுக்குப் போய்விடும். இரண்டாம் வயலின்காரன் உள்குரல்களையும், யார் யாரை மூடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டே இருப்பான். நீல்சனின் சிம்பொனிகளில் உள்குரல்கள் சும்மா இட்டு நிரப்பவென்று இருப்பதில்லை. அந்தப் பதினாறு வருஷத்துக்கு இதில் நிச்சயம் பங்குண்டு.

சேர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள் 1,800 குரோனர் உதவித்தொகை கிடைத்தது. அதை வைத்து ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி சுற்றினார். பாரிஸில் டேனிஷ் சிற்பி ஆன் மரீ புரோதர்சனைச் சந்தித்து, 1891 மே 10 அன்று ஃபிளாரன்ஸில் மணந்துகொண்டார்.

1894 மார்ச் 14: முதல் சிம்பொனி அரங்கேற்றம். நடத்தியவர் யோஹான் ஸ்வென்சன். இசையமைப்பாளர் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து தன் பார்ட்டை வாசித்துக்கொண்டிருந்தார். கைதட்டலுக்கு அங்கிருந்தே எழுந்து வந்தார். உரையில் ஒரு காட்சிக்குத்தான் இடம் என்றால் இதை வையுங்கள்.

1901 முதல் அரசு ஆண்டுக்கு 800 குரோனர் மானியம் கொடுத்தது. பழைய கொம்பூதிச் சம்பளத்தை வருஷக் கணக்கில் பெருக்கினால் ஏறத்தாழ 252 குரோனர். அதைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆனாலும் அது சம்பளத்துக்குத் துணையாகத்தான் வந்தது, அதை மட்டும் நம்பி வேலையை விட முடியாது. 1903இல் வில்ஹெல்ம் ஹான்சன் பதிப்பகம் வருடாந்தரத் தொகை தர ஒப்பந்தம் செய்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் 1905இல் வயலின் நாற்காலியை விட்டார்.

பிறகு 1908 முதல் 1914 வரை அதே அரங்கில் கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்துபவர். 1915இலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கோபன்ஹேகன் இசைச் சங்கத்தின் கண்டக்டர். அது பல பத்தாண்டுகள் காதெ இருந்த இடம். 1916 முதல் கன்சர்வேட்டரியில் ஆசிரியர். 1918க்குப் பிறகு சுவீடனின் யோத்தபோரி நகரிலும் அடிக்கடி கண்டக்டராக வேலை. 1931 தொடக்கத்தில் கன்சர்வேட்டரித் தலைவர் பதவி. அதே வருஷம் அக்டோபர் 3 அன்று இதய நோயால் காலமானார்.

---

பழையதட்டு:

நரம்பிசை சொன்ன வரிசை சரி. உரையாளர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் சில இடங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ஸ்வென்சன் என்று இரண்டு பேர். யோஹான் ஸ்வென்சன் நோர்வேக்காரர், இசையமைப்பாளர், 1908 வரை அரச இசைக்குழுவின் கண்டக்டர். ஆன்டன் ஸ்வென்சன் டேனிஷ் வயலின் கலைஞர். பின்னாளில் கன்சர்வேட்டரித் தலைவர். நீல்சன் 1931இல் ஏற்றது இந்த இரண்டாமவரின் இடத்தை. ஒரே சறுக்குப்படத்தில் (ஸ்லைடு) இருவரையும் வெறும் ‘ஸ்வென்சன்’ என்று போட்டால் கேட்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

பதிவுகளைத் தேடும்போது ‘நீல்சன்’ என்று மட்டும் தட்டினால் லூதொல்ஃப் நீல்சனும் (1876–1939) வந்து நிற்பார். அவரும் டேனிஷ்காரர், சிம்பொனி எழுதியவர். உச்சரிப்பு விஷயம் இன்னொன்று: டேனிஷ்காரர் வாயில் ‘நீ’ நெடில் கிடையாது, ‘நெல்ஸன்’ என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். உரையில் ஒருமுறை சொல்லிவிட்டு ‘நீல்சன்’ என்றே தொடரலாம். தவிர, அப்பாவின் பெயர் நீல்ஸ் யோர்கன்சன். மகன் நீல்ஸின் பிள்ளை என்பதால் நீல்சன். அப்பாவுக்கும் மகனுக்கும் வேறு வேறு கடைசிப்பெயர் இருப்பதைக் கட்டுரைப் பிழை என்று நினைத்துத் ‘திருத்திவிடாதீர்கள்’.

நான்காம் சிம்பொனியின் தலைப்பு இன்னொரு பொறி. டேனிஷில் அது அஃறிணைப் பெயர்: அணைக்க முடியாத ‘ஒன்று’, உயிரின் இயக்கம். சிம்பொனிக்கு இட்ட அடைமொழி இல்லை. ஆங்கிலத்தில் வெறும் பெயரடையாக வைத்தபோது ‘அணைக்க முடியாத சிம்பொனி’ என்று பொருள் திரிந்துவிட்டது. தமிழில் ‘அணையாதது’ என்று சொன்னால் அந்த அஃறிணை அப்படியே வந்துவிடுகிறது. நம் மொழி இங்கே நமக்கு உதவி செய்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் நரம்பிசையிடம் சிறு மாறுபாடு. 1908–1914 கண்டக்டர் காலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். முதன்மைக் கண்டக்டர் ஃபிரெதெரிக் ரூங். நீல்சன் அவருக்கு அடுத்த நிலையில். 1914இல் ரூங் இறந்ததும் முதன்மைப் பதவி கியோர்க் ஹோபெர்க்குக்குப் போயிற்று. நீல்சன் விலகினார். அவருக்கு அப்போது 49 வயது. மூன்றாம் சிம்பொனியும் வயலின் கான்செர்ட்டோவும் (தனிக் கருவி முன்னிற்க, குழு துணைநிற்கும் படைப்பு) 1912 பிப்ரவரி 28 அன்று ஒரே மாலையில் அரங்கேறிப் பெயர் வாங்கிக்கொடுத்திருந்தன. பெயர் பரவியிருந்தும் பதவி கைக்கு வரவில்லை. வேலை போன அந்த இடைவெளியில் தொடங்கியதுதான் ‘அணையாதது’ (அரங்கேற்றம் 1916 பிப்ரவரி 1). உலகப் போரை மட்டும் காரணமாகச் சொல்லும் உரைகள் இந்த வேலை விவகாரத்தை விட்டுவிடுகின்றன. இரண்டையும் சொல்லுங்கள்.

அரங்கோடு உரசல் அதோடு முடியவும் இல்லை. 1919இல் அரச அரங்கின் ‘அலாதின்’ நாடகத்துக்கு இசை எழுதினார். இயக்குநர் மேடையை நீட்டி இசைக்குழுவின் இடத்தை எடுத்துக்கொண்டு, கலைஞர்களை மேடையமைப்பின் பெரிய படிக்கட்டுக்குக் கீழே நெருக்கி உட்கார வைத்தார்; கடைசி ஒத்திகைகளில் இசையில் பெரும்பகுதியை வெட்டினார். சுவரொட்டியிலிருந்தும் நிகழ்ச்சி நிரலிலிருந்தும் தன் பெயரை எடுக்கச் சொன்னார் நீல்சன். பதினாறு வருஷம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தவருக்கு, நெருக்கி உட்காரவைத்தால் வில் எப்படி ஓடும் என்று தெரியாதா?

---

மூங்கில்நாவு:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். குவின்டெட், ஓபஸ் 43, 1922. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன்.

பின்னணி: 1921 இலையுதிர்காலத்தில் பியானோ கலைஞர் கிறிஸ்டியன் கிறிஸ்டியன்சனுக்கு நீல்சன் தொலைபேசியில் பேசும்போது, அந்தப் பக்கம் கோபன்ஹேகன் காற்றிசைக் குவின்டெட்காரர்கள் மோட்சார்ட் ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டது. நேரே அங்கே போய்விட்டார். அந்த ஐந்து பேரையும் மனதில் வைத்தே எழுதினார். பெரும்பகுதி யோத்தபோரியில் கண்டக்டராக இருந்த மாதங்களில். கிளாரினெட்டில் ஒகெ ஒக்ஸன்வத், ஓபோவில் ஸ்வென் கிறிஸ்டியன் ஃபெலும்ப். ஐவருக்கும் ஆளுக்கொரு கான்செர்ட்டோ எழுதுவது திட்டம். புல்லாங்குழலுக்கு 1926இலும் கிளாரினெட்டுக்கு 1928இலும் முடித்தார். மற்ற மூன்றுக்கும் ஆயுள் இடம் தரவில்லை.

கடைசிப் பகுதி ஒரு முன்னுரை, ஒரு கருப்பொருள், 11 மாறுபாடுகள் (அதே மெட்டை ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதியவை), பிறகு கருப்பொருள் திரும்பி வருவது. நேரில் வாசிக்க 12 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இடறும் இடங்கள் இவை:

முதலாவது, ஓபோ. முன்னுரையில் ஓபோ கலைஞர் கோர் ஆங்கிலே (ஓபோவைவிட நீளமான, தாழ்ந்த சுருதி உறவுக்கருவி) வாசிக்க வேண்டும். முன்னுரை நிற்காமல் கருப்பொருளுக்குள் போவதால் கருவி மாற்ற நேரம் மிகக் குறைவு. முழுப் படைப்பையும் வாசிக்கும்போது அதற்கு முன்னால் மினுவெட் (நடன நடையிலான நடுப்பகுதி) இருக்கும். கோர் ஆங்கிலே அவ்வளவு நேரமும் ஸ்டாண்டில் குளிர்ந்து கிடக்கும், நாவு (ஊதும் நாணல் தகடு) காய்ந்துவிடும், முதல் ஸ்வரம் சுருதி இறங்கி வரும். உங்கள் குழு கடைசிப் பகுதியை மட்டும் வாசிப்பதால் கோர் ஆங்கிலேவைச் சூடாக வைத்துக்கொண்டே தொடங்கலாம். ஆறிப்போவது இங்கே ஓபோதான். அதன் நாவை ஈரத்தில் வையுங்கள். இரண்டு கருவிக்கும் தனித்தனி ஸ்டாண்ட், மடிக்கு எட்டும் உயரத்தில். ‘கடைசி ஸ்வரம், ஸ்டாண்ட், ஓபோ, மூச்சு, முதல் ஸ்வரம்’ என்ற இந்தக் கைமாற்றத்தையே பத்துத் தடவை ஒத்திகை பாருங்கள். மற்ற நால்வரும் ஓபோகாரரின் தலையசைப்பைப் பார்த்தே கருப்பொருளைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, கருப்பொருள். அது நீல்சனே முன்பு எழுதிய தேவாலயப் பாடல். ஆகவே பாடும் வேகத்தில், பாடும் மூச்சில் போக வேண்டும். ஐவரும் ஒரே மூச்சிடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒரு இடத்தில் மூச்செடுத்தால் நாலு வரிப் பாடல் கந்தலாகிவிடும். முதலில் ஐந்து பேரும் கருவியை வைத்துவிட்டு வாயால் பாடிப் பார்ப்பது நல்ல வழி.

மூன்றாவது, தனி மாறுபாடுகள். ஒரு மாறுபாட்டில் பசூன் மட்டும், இன்னொன்றில் ஹார்ன் மட்டும், துணையே இல்லாமல். சுருதி இறங்குவது தனியாக வாசிக்கும்போது தெரியாது. அடுத்த மாறுபாட்டில் எல்லோரும் நுழையும்போது கால் ஸ்வரம் பிசகி நிற்கும். தனி மாறுபாட்டை முடித்த கையோடு அடுத்ததன் முதல் இரண்டு பாருக்குள் (தாள அளவுக் கட்டம்) போவதைத் தனிப் பயிற்சியாக வையுங்கள். கிளாரினெட்டும் பசூனும் சண்டை போடுவது போல ஒரு மாறுபாடு உண்டு. அழகாக வாசிக்கத் தொடங்கினால் அதன் பொருள் போய்விடும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்தால் தானாகச் சரியாகும்.

நான்காவது, முடிவு. கருப்பொருள் முதலில் மூன்று தாளத்தில் இருந்தது, முடிவில் நாலு தாளத்தில், கொண்டாட்ட நடையில் திரும்பும். பழைய மூன்றின் கனத்தையே சுமந்து வந்தால் இழுத்துக்கொண்டு போகும். பாருக்கு நாலு அடி என்று எண்ணாமல் பாருக்கு இரண்டு நடை என்று உணர்ந்து வாசியுங்கள்.

கடைசியாகப் பசூனின் கீழ் ஏ (A என்ற ஸ்வரம்). படைப்பு ஏ மேஜரில் முடிகிறது. நீல்சன் பசூனுக்கு அடிமட்ட ஏ கேட்கிறார். சாதாரணப் பசூனின் கடைசி ஸ்வரம் பி ஃபிளாட். அதற்கும் அரை ஸ்வரம் கீழே போகக் குழாய் நீள வேண்டும். பசூன் குழாயின் மொத்த நீளம் சுமார் 254 செ.மீ. அரை ஸ்வரத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம், அதாவது 15 செ.மீ. கூட வேண்டும். கெட்டி அட்டையைச் சுருட்டி, பசூனின் மேல்முனைத் திறப்புக்கு உள்ளே 3–4 செ.மீ. இறுக்கமாக நிற்கும்படி செய்யுங்கள். மொத்தம் 20 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வெட்டி, டியூனரைப் பார்த்துக்கொண்டே அரை அரை செ.மீ.யாக நறுக்குங்கள். குட்டையாகிவிட்டால் சுருதி ஏறிவிடும், திரும்ப ஒட்ட முடியாது. கறுப்புத் தாள் சுற்றிவிட்டால் கண்ணை உறுத்தாது.

இதில் எல்லோரும் மறக்கும் ஒன்று: குழாய் செருகியிருக்கும்வரை பி ஃபிளாட் விரலமைப்பில் ஏ தான் வரும், பி ஃபிளாட் ஸ்வரமே கிடைக்காது. பக்கத்துக் கீழ் ஸ்வரங்களும் சற்று ஆடும். பார்ட்டில் கடைசியாக அந்த ஸ்வரம் வரும் இடத்தைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் ஓய்வில் செருகுங்கள். செருக நேரமில்லை, அல்லது செருகும்போது சத்தம் வருகிறது என்றால் மேல் ஸ்தாயி ஏ வாசிக்கலாம். கீழ் ஏ விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் முடிந்தால் செய்யுங்கள். ஐந்து கருவிகளும் சேர்ந்து எழுப்பும் முழு நாண் (கார்ட்) அந்த அடிமட்டத்தின் மேல் உட்காரும்போது ஒலி அகன்று திறக்கிறது.

---

தாளப்பெட்டி:

ஒலிக்கவிடுவதற்கு இந்தக் கணக்கைப் பாருங்கள்:

முதல் சிம்பொனி, முதல் பகுதி: 9 நிமிடம்.
‘மாஸ்கராத’ ஒபெராவின் முன்னிசை: 4½ நிமிடம்.
ஐந்தாம் சிம்பொனி, முதல் பகுதி: 19 நிமிடம்.
இரண்டு பாடல்கள்: 4 நிமிடம்.
குவின்டெட் நேரில்: 12 நிமிடம்.

மொத்தம் 48½. ஐந்தாவதை வெட்டாதீர்கள். அதன் முதல் பகுதியில் சிறு முரசு தன் சொந்த வேகத்தில் குழுவை எதிர்த்து அடிக்கிறது. ஓரிடத்தில் மொத்த இசையையும் நிறுத்தப் பார்ப்பவன் போலத் தானாகக் கற்பனை செய்து அடிக்கும்படி ஸ்கோரே (எல்லாக் கருவிகளுக்குமான முழு இசைத்தாள்) கேட்கிறது. முதல் பத்து நிமிடத்தின் பதற்றமும் பின்னால் வரும் விரிந்த அடாஜியோவும் (மெதுவான பகுதி) தெரிந்தால்தான் அந்த மோதல் விளங்கும். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு தனிக் கிளாரினெட்டும் தூரத்தில் முரசும் மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டு நிமிடத் துண்டாகக் கொடுத்தால் வெறும் சத்தமாகத்தான் தெரியும். 1924இல் ஸ்டாக்ஹோமில் வாசித்தபோது பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் நடுவிலேயே எழுந்து போனார்கள் என்பதையும் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்னால் இல்லை, கேட்ட பிறகு.

பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். ஐந்தாவதை 1950இல் எரிக் டூக்சனும் நீல்சனின் மருமகன் எமில் டெல்மான்யியும் சேர்ந்து மாற்றங்களோடு பதிப்பித்தார்கள். பழைய பதிவுகள் பலவற்றில் அந்த மாற்றங்கள் ஒலிக்கின்றன. டேனிஷ் அரச நூலகம் 1994–2009 காலத்தில் கொண்டுவந்த முழுத் தொகுப்புப் பதிப்பு மூலத்துக்கு நெருக்கமானது. ஸ்கோர்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். குவின்டெட் குழுவுக்கும் இது பொருந்தும்: ஒருவர் கையில் பழைய ஹான்சன் அச்சு, இன்னொருவர் கையில் புதியது என்றால் முதல் ஒத்திகை முழுவதும் ‘எந்த பார்?’ என்று கேட்பதிலேயே போய்விடும். ஐவருக்கும் ஒரே பதிப்பு கொடுங்கள்.

கேட்கத்தக்க பதிவுகள்: ஹெர்பர்ட் புளூம்ஸ்டெட் சான் பிரான்சிஸ்கோ குழுவோடு செய்தவை தெளிவானவை. பெர்ன்ஸ்டைன் 1962இல் நியூயார்க்கில் செய்த ஐந்தாவது சூடானது. டென்மார்க்குக்கு வெளியே நீல்சனைப் பலர் காதில் சேர்த்தது அது. ஃபாபியோ லூயிசி டேனிஷ் வானொலிக் குழுவோடு சமீபத்தில் செய்திருக்கும் தொகுதி ஒலித்தரத்தில் சிறந்தது. அரங்கத்தில் பெரிய ஸ்பீக்கரில் போட அதுவே நல்லது.

பட்டியலில் எதையாவது குறைத்து நேரம் மிஞ்சினால் ‘அணையாதது’ கடைசிப் பகுதியிலிருந்து டிம்பனி (பெரிய கிண்ண வடிவ முரசு) மோதல் மூன்று நிமிடம். இரண்டு பேர், இரண்டு ஜோடி முரசு, மேடையின் இரு ஓரங்களில் எதிரெதிராக. ஸ்டீரியோ பிரிவு நன்றாக இல்லாத பதிவில் இது வீண். நேரில் வாசிக்கும் குழுக்களுக்கே இது சோதனை: இருவருக்கும் இடையில் 15 மீட்டர் இருந்தால் ஒலி போய்ச்சேர 44 மில்லிசெகண்ட் ஆகும். ஒருவர் மற்றவரைக் காதால் பின்பற்றினால் தாமதம் அப்படியே கூடும். இருவரும் கண்டக்டரின் கோலை மட்டும் பார்த்தால்தான் நடு அரங்கில் சேர்ந்து விழும்.

---

வேணுவனம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். தாளப்பெட்டி சொன்ன அந்த இரண்டு பாடல்கள் எவை? கிளாரினெட் கான்செர்ட்டோவுக்கு இடமே இல்லையா?

---

நரம்பிசை:

பாடல்களை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டென்மார்க்குக்குள் நீல்சன் முதலில் பாட்டுக்காரர். சிம்பொனி ஒன்றுகூடக் கேட்காதவர்கள்கூட அவர் மெட்டுகளைப் பள்ளியில் பாடியிருப்பார்கள். 1907இல் வந்த ‘யென்ஸ் வைமன்’, சாலையோரம் கல்லுடைக்கும் கிழவனைப் பற்றியது. நாடு முழுக்கப் பரவிற்று. அதை ஒன்றாக வையுங்கள். இன்னொன்றுக்கு, குவின்டெட் கருப்பொருளான ‘மின் யேசுஸ்’ பாடலின் குரல் வடிவம். அதை நேரடி வாசிப்புக்குச் சற்று முன்னால் ஒலிக்கவிட்டால், மாறுபாடுகளில் மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தாமஸ் லௌப் என்ற தேவாலய இசைக்காரரோடு சேர்ந்து 1915இலும் 1917இலும் பாடல் தொகுப்புகள் வெளியிட்டார். 1922இல் நாட்டுப்புற உயர்பள்ளிகளுக்கான (பெரியவர்கள் படிக்கும் பள்ளிகள்) மெட்டுத் தொகுப்பின் ஆசிரியர் நால்வரில் அவரும் ஒருவர். அந்த வருஷத்தைத் தனிச் சறுக்குப்படமாகப் போடலாம்: ஜனவரி 24 ஐந்தாம் சிம்பொனி, ஜூலை 8 ஓதென்ஸவில் ‘ஃபூனின் வசந்தம்’ சேர்ந்திசை, அக்டோபர் 9 குவின்டெட்டின் பொது அரங்கேற்றம், இடையில் பள்ளிப் பாடல் புத்தகம். முரசு எதிர்த்து அடிப்பதை எழுதியவரும் எல்லோரும் பாட நாலு வரி மெட்டு எழுதியவரும் ஒருவரே, அதுவும் ஒரே ஆண்டில்.

---

மூங்கில்நாவு:

கிளாரினெட் கான்செர்ட்டோ 25 நிமிடம், நிற்காமல் ஒரே பகுதியாக ஓடுவது. வெட்டினால் கெடும். அதனால் ஒலிக்கவிட வேண்டாம். பேச்சில் இரண்டு நிமிடம் கொடுங்கள். துணைக்குழுவின் அளவே செய்தி சொல்லும்: நரம்பிசை, இரண்டு பசூன், இரண்டு ஹார்ன், ஒரு சிறு முரசு, அவ்வளவுதான். கிளாரினெட்டை வம்புக்கு இழுப்பது அந்த முரசு. ஐந்தாம் சிம்பொனியில் கேட்ட முரசின் உறவு என்று சொன்னால் கேட்டவர்களுக்கு உடனே புரியும். ஏ சுருதிக் கிளாரினெட்டுக்காக எழுதப்பட்டது. பி ஃபிளாட் கிளாரினெட்டில் வாசிக்க முயன்றால் விரல்களுக்கு வேலை வேறாகிவிடும். ஒக்ஸன்வத் 1928 அக்டோபரில் கோபன்ஹேகனில் பொது அரங்கில் வாசித்தார். ஆனால் அவர் வாசிப்பில் ஒலிப்பதிவு இல்லை. முதல் பதிவு 1947இல் பிரெஞ்சுக்காரர் லூயி காஹுசாக் செய்தது.

புல்லாங்குழல் கான்செர்ட்டோவின் குழுவிலும் ஒரு விந்தையான ஆள் உண்டு: பாஸ் டிரம்போன். நளினமான புல்லாங்குழல் பேசும்போது நடுவில் புகுந்து முரட்டுத்தனமாகக் குறுக்கிடுவார். ஓதென்ஸ பட்டாலியனில் டிரம்போன் தூக்கிய பதினான்கு வயதுப் பையனை முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் அறிமுகப்படுத்தியிருப்பீர்கள் அல்லவா, அவனை இங்கே மறுபடி கூப்பிடலாம். அந்தக் குறுக்கீட்டை மட்டும் முப்பது விநாடி போட்டாலும் போதும்; உங்கள் கணக்கில் இன்னும் ஒன்றரை நிமிடம் மீதம் இருக்கிறது.

அட்டைக்குழாயை ஒத்திகையின் முதல் நாளே செய்துவிடச் சொல்லுங்கள். நிகழ்ச்சி அன்று அரங்கத்தில் குளிர் அதிகமாக இருந்தால் மொத்தக் குழுவும் சுருதி இறங்கும். அப்போது குழாயைக் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ நகர்த்திச் சரிசெய்ய அந்த 3–4 செ.மீ. இடம் தேவைப்படும்.